தேரி மண்ணைக் கரைத்துத் தேரியை வரைந்தேன்

ஒன்பதடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள காடாத்துணியில் குதிரைமொழித் தேரியை வரைந்து முடித்திருக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் செம்மணல் காடு அது. துணியில் இருக்கும் சிவப்பு முழுவதும் அந்த மண்தான். கறுப்பு, கருப்பட்டி காய்ச்சும் தாச்சியின் அடியில் சுரண்டிய கரி. வெள்ளை, கடற்கரைச் சிப்பிச் சுண்ணாம்பு. ஓர் ஊரின் கதையைப் படமாகச் சொல்ல அந்த ஊர்ப் பொருளும், அங்கே நடந்து திரிகிறவர்கள் சொல்லும் கணக்கும் போதும் என்று நம்பித்தான் இதைத் தொடங்கினேன். செய்து பார்த்தபின் அந்த நம்பிக்கை கூடியிருக்கிறது.

தேரியைப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். சிவந்த மணல் அலை, ஓரத்தில் ஒற்றைப் பனை, மேலே வெளுத்த வானம். பார்த்தால் மனுச நடமாட்டமே இல்லாத பாலைவனம் போலிருக்கும். அந்த மணலின் விளிம்பு நெடுக ஊர்கள் இருக்கின்றன. பனையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி என்று புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி இந்தப் பக்கத்துப் பனைகளில் இறங்கியதுதான். மழைக்காலத்தில் தருவை என்கிற நீர்நிலை நிரம்பும். புத்தன்தருவை, வைரவம்தருவை என்று அந்தத் தருவைகளின் பேரிலேயே ஊர்கள் உண்டு. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் செம்மணலுக்கு நடுவே நல்ல தண்ணீர்ச் சுனை இருக்கிறது. இவ்வளவும் விட்டுப்போன படத்தைத் தேரியின் படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன் நடந்தேன். கேட்ட கேள்விகள் இரண்டே. "எங்கே போவீங்க? எப்பப் போவீங்க?" "இங்கே என்ன இருக்கு" என்று கேட்டால், வந்தவருக்குக் காட்டுகிற இடங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எங்கே போவீர்கள் என்று கேட்டால் கை தானாக மணலுக்குப் போகிறது. குச்சியோ விரலோ, கோடு விழத் தொடங்கிவிடுகிறது. பனையேறி அண்ணாச்சி ஒருவர் தன் விளையிலிருந்து, அதாவது பனந்தோட்டத்திலிருந்து, விறகு எடுக்கப் போகும் தடத்தை மணலில் போட்டுக் காட்டினார். நேராகப் போகவேண்டிய கோடு நடுவில் தெற்கே நன்றாக வளைந்து மறுபடி மேலே ஏறியது. ஏன் அந்த வளைவு என்று கேட்டேன்.

"ஆடியில அந்த மேட்டுல நிக்க முடியாதும்மா. கண்ணுக்குள்ள மண்ணு பாயும். அதான் தெக்க சுத்திப் போவோம். மத்த மாசம் நேராப் போலாம். ஆனா காலு பழகிப்போச்சுல்லா."

அந்த ஒரு வளைவில் காற்று இருக்கிறது, மாதம் இருக்கிறது, உடம்பு இருக்கிறது. சர்வே வரைபடத்தில் இது வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. அதன் வேலை நில அளவு. என் துணிக்கு வேறு அளவுகோல் வேண்டியிருந்தது. இன்னொரு நாள் தார்ச்சாலையைக் காட்டி அதே அண்ணாச்சி சொன்னார்: "வண்டியில வந்தா இது பக்கம். பதனிக் கலயத்தோட மணல்ல வந்தா இது தூரம்லா." அன்றைக்கே முடிவு செய்தேன். மணலில் கால் புதைய நடக்கும் தூரத்தை நீட்டியும், தார்ச்சாலையைச் சுருக்கியும் வரைவது. துணியில் தேரி நிஜத்தைவிடப் பெரிதாகவும் சாலைகள் குட்டையாகவும் இருப்பது அதனால்தான்.

அடுத்தது திசை. வடக்கை மேலே வைத்து இடமிருந்து வலமாகப் பார்த்தால் இடது ஓரம் மேற்கு மலை, வலது ஓரம் கடல். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து, மழையை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தச் சமவெளியில் அடிக்கிறது. மணல் நகர்வதும் அந்தத் திசையில்தான், மேற்கேயிருந்து கிழக்கே. படிக்கிற கண்ணும் இடமிருந்து வலமாகத்தான் போகும். ஆகவே துணியை ஒரு முனையிலிருந்து விரித்துக்கொண்டே வந்தால் காற்று போகிற வழியில் பார்த்து வருகிறோம். இது அமைந்ததும் மற்ற எல்லாம் தன்னால் இடம் பிடித்தன. திணைக்கணக்கில் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்துச் சொல்வார்களே, அதை இங்கே கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது. இடது பாதி ஆடி, வலது பாதி ஐப்பசி கார்த்திகை. காற்றுக் காலத்தில் நுழைந்து மழைக்காலத்தில் வெளியே வருகிறோம்.

இனி மண். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அங்கே ஒரு பிடி மண்கூட அள்ளக்கூடாது. விளிம்பில் ஒருவரின் பட்டா விளையில், அவரிடம் கேட்டு, வாளியில் எடுத்துக்கொண்டேன். செம்மண் என்றதும் அப்படியே சலித்துப் பசையில் குழைத்துப் பூசிவிடலாம் என்று தோன்றும். களிமண் நிலமாக இருந்தால் அது நடக்கும். தேரி மண் மணல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துணுக்கு, அதன்மேல் மெல்லிய சிவப்புத் தோல். மணலோடு கலந்து கிடந்த இரும்புச்சத்துள்ள கனிமங்கள் நெடுங்காலம் சிதைந்து, அந்த இரும்பு துருவாகிப் படிந்த தோல் அது. ஹேமடைட் என்பார்கள். வண்ணம் அந்தத் தோலில் மட்டுமே இருக்கிறது. மணியை அரைத்தால் வெள்ளைப் பொடி கலந்து சிவப்பு வெளிறிப்போகும். ஆகவே அரைக்காமல் தேய்க்க வேண்டும்.

வாளியில் பாதி மண், மண் மூழ்கி நாலு விரல் மேலே நிற்கும்வரை தண்ணீர். இரண்டு கையாலும் அரிசி களைவது போலப் பிசைந்து, மணியோடு மணி உரசவிட வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் ரத்தச் சிவப்பாகிறது. கையை எடுத்துவிட்டு முப்பது எண்ணுங்கள். கனமான மணல் அடியில் விழுந்துவிடும். சிவந்த தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் சாய்த்துக்கொள்ளுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி பிசைதல். தண்ணீர் வெளிறத் தொடங்கும்போது நிறுத்தலாம்.

வடித்த தண்ணீர் லேசில் தெளியாது. துகள் அவ்வளவு பொடி; ஒரு ராத்திரி கழிந்தும் கலங்கலாகவே நிற்கும். சிட்டிகை படிகாரத்தைக் கரைத்து விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் இறங்குகின்றன. மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, படிகாரம் போக இரண்டொரு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசி, தட்டில் ஊற்றி நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்தால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். ஒரு வாளி மண்ணுக்குக் கிடைக்கும் வண்ணம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைக் கல்வத்தில் இட்டு அரைத்தால் விரலிடுக்கில் மாவாக வழுக்குகிறது.

வாளியின் அடியில் மிச்சமிருக்கும் மணலை எறிந்துவிடாமல் ஒருமுறை வெயிலில் உலர்த்திப் பாருங்கள். அது சிவப்பாக இல்லை. வெளிறிய தவிட்டு நிறம், கடற்கரை மணலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மணியின் குழிகளில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே கறுப்புப் பொடிகள்; இல்மனைட் போன்ற கனமான கனிமங்கள். தேரியில் மழைக்குப் பின் மணல்மேல் கறுப்பு ரேகைகள் ஓடுமே, இலேசான மணல் அரித்துப்போக, கனத்தது தங்கிவிட்ட தடம் அது. கழுவிய அந்த வெளிர் மணலை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, படத்தோடு சேர்த்தே இப்போது காட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் படத்தைவிட அதில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

பசைக்குக் கருவேலம்பிசின். இடித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மல்துணியில் வடிகட்டினேன். கெடாமலிருக்க இரண்டு கிராம்பு. பிசின் மட்டும் போட்டால் காய்ந்தபின் வண்ணம் விறைத்துக்கொள்ளும். சுருட்டும் துணிக்கு அது ஆகாது. சில சொட்டு கருப்பட்டிப் பாகு சேர்த்தால் நெகிழ்வு வருகிறது. பாகில் இருக்கும் இனிப்பு காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். மேல்நாட்டு நீர்வண்ணக்காரர்கள் தேன் சேர்ப்பதும் இதற்காகத்தான். அதிகம் விட்டால் எறும்பு வரும், ஒட்டும். பிசின் அளவு சரியா என்று பார்க்க ஒரே வழி, துண்டுத் துணியில் பூசிக் காயவைத்து விரலால் தேய்ப்பது. விரலில் மண் ஒட்டினால் பிசின் போதாது. மினுமினுப்பு தெரிந்தால், மடித்ததும் விரிசல் விட்டால், பிசின் கூடிவிட்டது.

வண்ணங்களை மொட்டைமாடி வெயிலில் சோதித்தேன். பூசிய துண்டுகளின் பாதியை அட்டையால் மூடி, மறுபாதியை வெயிலுக்கு விட்டேன். மண், கரி, சுண்ணாம்பு மூன்றும் அப்படியே நின்றன. பனம்பழச் சாறு பூசும்போது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. வெயில் பட்ட பக்கம் வெளுத்துப்போனது. மஞ்சளும் இலைச்சாறும் அதே வழிதான் போயின. செடிச்சாறுகளை ஒதுக்கிவிட்டேன். தேரிக்கு வெளியிலிருந்து வந்த வண்ணம் ஒன்றே ஒன்று, கடையில் வாங்கிய மஞ்சள் காவிப் பொடி.

பச்சை இல்லாமல் மரங்களை எப்படி வரைவது? மஞ்சள் காவியில் கரியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். ஓர் இடத்தில் அது பச்சையாக மாறி நிற்கும். பளிச்சென்ற தளிர்ப்பச்சை கிடைக்காது. புழுதி படிந்த ஆலிவ் பச்சை. குடைவேலுக்கும் கொல்லாமரத்துக்கும் சித்திரையில் அந்த நிறம்தான். கடலுக்கும் இப்படித்தான். சுண்ணாம்பு வெள்ளையில் துளிக் கரி சேர்த்தால் தனியே பார்க்கும்போது வெறும் சாம்பல் நிறம். அதைத் தேரிச் சிவப்புக்குப் பக்கத்தில் பூசியதும் நீலம் தட்டுகிறது. பக்கத்துச் சிவப்பு கண்ணைப் பழக்கிவிடுவதால் சாம்பல் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரிகிறது. மணப்பாட்டுக் கடலை நான் நீலம் தொடாமல் வரைந்தேன். பார்க்கிறவர்கள் நீலம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்.

கறுப்புக்குத் தாச்சிக்கரி. பதனி காய்ச்சும் வீட்டு ஆச்சி ஒருவர், சீசன் முடிந்து கவிழ்த்து வைத்த தாச்சியின் அடியைச் சுரண்டிக்கொள்ளச் சொன்னார். கரி எண்ணெய்ப்பசை உள்ளது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். பிசினில் நேரடியாகக் கெட்டியாகக் குழைத்து, பிறகு தண்ணீர் விட வேண்டும். வெள்ளைக்கு, நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பைத் தட்டில் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, நாள்பட காற்றாட விட்டேன். காற்றை இழுத்து மறுபடி சுண்ணக்கல்லாக மாறும்போது காரம் தணிகிறது, பூசத் தோதாகிறது. பதனி புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே தடவுவதும் சுண்ணாம்புதான் என்பதால், கலயங்களை மட்டும் வேறெதுவும் கலக்காத தனி வெள்ளையில் வைத்தேன்.

துணிக்குத் தளம் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய கூழ். தெலங்கானாவின் செரியால் சுருள் ஓவியத்திலும் ஒடிசாவின் பட்டச் சித்திரத்திலும் துணியைத் தயார்செய்ய இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூழில் சுண்ணாம்பு கலந்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் மண் வண்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சப்படாமல் சீராக நிற்கும். பரந்த இடங்களைப் பூச வெள்ளையடிக்கிற பனைமட்டை, நடுத்தரக் கோட்டுக்கு நுனியை நசுக்கிய தாழை விழுது. பனை ஓலையின் கருக்கு, முள், கலயக் கயிறு மாதிரி நுணுக்கங்களுக்குக் கடைத் தூரிகை.

மணல் வரிகளில்தான் எனக்கு அதிக நேரம் போனது. காற்று இழைத்த வரிகள் காற்றின் போக்கில் ஓடுவதில்லை, அதற்குக் குறுக்கே விழுகின்றன. காற்று ஏறும் பக்கம் சரிவு படிந்திருக்கும், இறங்கும் பக்கம் செங்குத்து. ஆகவே என் துணியில் வரிகள் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். ஒவ்வொரு வரியின் வலது ஓரமும் இருட்ட வேண்டும். ஈர்க்குகளை வரிசையாகக் கட்டிச் சீப்புபோல் ஒன்று செய்து, ஈரச் சிவப்பின்மேல் மேலிருந்து கீழே இழுத்தேன். முழு நேராக இழுத்தால் மணல் செத்துப்போகிறது. வரிகள் ஓரிடத்தில் இரண்டாகக் கவைவிட்டுப் பிரியும், ஓரிடத்தில் சேரும். காலையில் தேரியில் போய் உட்கார்ந்து அந்தக் கவைகளை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்து போட்டபிறகுதான் மணல் நகரத் தொடங்கியது.

படத்தின் அடியில் அரையடிப் பட்டை ஒன்று ஓடுகிறது. அது மண்ணுக்குக் கீழே. தேரிகளின் ஓரங்களில் பழங்கால மக்கள் செய்து போட்ட குறுங்கற்கருவிகள் கிடைக்கின்றன. விரல்நக அளவில் வெங்கச்சங்கல்லிலும் செர்ட் என்ற கல்லிலும் செதுக்கியவை. ஆய்வாளர்கள் எஃப்.ஈ. ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் இவற்றைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வு 1956இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வந்தது. தொல்லியல் படிப்பவர்களுக்குத் தேரி என்ற பேர் இன்றும் தெரியும். கண்ணில் பட்டாலும் அவற்றை எடுக்கக்கூடாது. கிடந்த இடம் கலைந்தால் அந்தக் கல் சொல்லும் செய்தி போய்விடும். அருங்காட்சியகத்தில் பார்த்துப் பென்சிலில் எடுத்த வடிவங்களைத்தான் பட்டையில் வரைந்தேன். அவற்றுக்கு மேலே கிணறுகள், பனையின் வேர்க்கற்றை, அருஞ்சுனையின் ஊற்றுக்கண். மேலே வறண்டிருக்கும் மணல் பெய்த மழையை உடனே கீழே இறக்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் கிணற்றில் வருகிறது என்பதை ஒரு பார்வையில் காட்ட இந்தப் பட்டை உதவுகிறது.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரை எப்படி வரைவது என்பதில் வெகுநாள் தயக்கம். கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டு என்ற சடங்கு நடக்கும். தேரியில் இளநீரை வெட்டியதும் கூடியிருக்கும் சனம் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்கும் வயலுக்கும் போகும். அய்யனாரை உருவமாகப் போட எனக்குத் துணிவில்லை, தேவையும் படவில்லை. மரங்கள், சிவந்த தரை, வெட்டிய இளநீர், குனிந்து மண் அள்ளும் கைகள், அவ்வளவு போதும் என்று வைத்திருந்தேன். தாச்சிக்கரி தந்த ஆச்சி படம் கேள்விப்பட்டு, தன் வீட்டில் துணியில் முடிந்து வைத்திருந்த கள்ளர் வெட்டு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தந்தார்.

"இது அய்யனார் மண்ணு. அவருக்க எடத்துலதான் வைக்கணும். கால் படுத எடத்துல வந்துரக்கூடாது, பாத்துக்கோ."

நான் போட்டிருந்த அமைப்பில் கோயில் துணியின் நடுவுக்குக் கீழே இருந்தது. துணியைத் தரையில் விரித்துக் காட்டும்போது சுற்றி நிற்கிறவர்களின் கால் படக்கூடிய இடம். ஆச்சி சொன்னதற்காக நடுப்பகுதியை மாற்றினேன். கோயிலை மேலே ஏற்றியதும் தடங்கள் எல்லாம் அதை நோக்கி ஏறின. முன்பு சிதறிக் கிடந்த நடுப்பகுதி ஒன்றுகூடியது. அந்த மண்ணைக் கழுவவோ அரைக்கவோ இல்லை. பிசினைத் தடவி, மணியாகவே தூவி ஒட்டியிருக்கிறேன். விரலால் தொட்டால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். படத்தைத் தரையில் விரிப்பதையும் விட்டுவிட்டேன். கயிறு கட்டித் தொங்கவிடுவதுதான் இப்போது வழக்கம்.

ஊரில் காட்டியபோது முதலில் பேர் எழுதவில்லையே என்று கேட்டார்கள். எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. பேர் எழுதினால் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுதாவிட்டால் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். இது யார் விளை, இந்தக் கிணறு எப்போது தூர்ந்தது, இந்த வளைவில் எந்தப் பனை நின்றது என்று படத்துக்கு முன்னால் பேச்சு ஓடியது. விட்டுப்போன கிணறுகளையும் ஒரு சுடலைமாடன் பீடத்தையும் அவர்களே காட்ட, அங்கேயே கரைத்துச் சேர்த்தேன். மண் வண்ணத்தில் இது ஒரு நல்ல வசதி: ஈரத் துணியால் ஒத்தினால் பழைய பூச்சு இளகும், புதியது அதனோடு சேர்ந்துகொள்ளும். அதே காரணத்தால் தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும். பருமனான குழாயில், வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, உள்ளே வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

எட்டயபுரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கரிசலை இதேபோல வரைய வழி கேட்டு வந்தார். தேரிக்குச் செய்த முறை கரிசலுக்கு அப்படியே ஆகாது. கரிசல் முழுக்கக் களி. தேய்த்துத் தோலுரிக்க வேண்டியதில்லை, கரைத்து வடித்தால் போதும். ஆனால் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி வெடிக்கும். காய்ந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும். சுண்ணக்கல் பொடி சேர்த்தால் வெடிப்பு குறையும், நிறம் இன்னும் வெளிறும். தாச்சிக்கரியில் கொஞ்சம் கலந்து நிறத்தை மீட்டு, தண்ணீர்போல மெல்லிசாகப் பல கை பூசச் சொல்லியிருக்கிறேன். வெடிப்பே வராமல் பார்க்க வேண்டுமா என்றும் யோசிக்கச் சொன்னேன். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதுதானே கரிசல். பருத்தி நிற்கும் மாதத்துக்கு மெல்லிய பூச்சும், பங்குனி சித்திரைக்குத் தடித்த பூச்சுமாக இரண்டு துண்டுகள் காயவைத்திருக்கிறார்.